கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன்: இல்லறத்தாருக்கு ஒரு பாடம்

நம் சமூகத்துக் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு புதிய விருந்தாளி வந்து அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டி. அதனுள் வண்ண மீன்கள். சில இல்லங்களில் அது பிள்ளையின் பிறந்தநாள் பரிசாக வந்தது. சில இல்லங்களில் பள்ளி அறிவியல் கண்காட்சி முடிந்தபின் எடுத்துச் செல்ல ஆளின்றி வந்தது. தென்கிழக்கு மூலையில் மீன் இருந்தால் செல்வம் பெருகும் என்று யாரோ சொல்லக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. இந்த மூன்றாம் காரணத்தைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை. மீன் எந்த மூலையில் இருந்தாலும் மீன்தான். அதற்குத் தேவை தூய நீர், காற்று, அளவான உணவு.

இரணியலில் வாழும் நமக்கு மீன் புதிய பொருளன்று. நாஞ்சில் நாடும் அதன் மேற்கே உள்ள கல்குளம் வட்டாரமும் குளங்களால் ஆன நிலம். வள்ளியாறும் கால்வாய்களும் குளத்தோடு குளத்தைக் கோத்திருக்கின்றன. மழைக்காலத்தில் வயல் வரப்பில் நின்றால் கெண்டைக் குஞ்சுகள் எதிர்நீச்சல் போடுவதைப் பிள்ளைகள் காசு செலவின்றிக் காணலாம். அத்தகைய ஊரில் மீனைக் கண்ணாடிக்குள் அடைத்துக் காண வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, அதற்கு முதலில் விடை கூறிவிட்டுப் பாடத்திற்குச் செல்வோம்.

ஓரறிவு முதல் ஐயறிவு வரை உயிர்களை வகுத்துக் கூறும் நம் மரபில் மீன் ஐயறிவுயிர். மண்புழுவுக்கும் எறும்புக்கும் கொசுவுக்கும் மேலான படியில் அது வைக்கப்பட்டிருக்கிறது. பதினெட்டாம் தீர்த்தங்கரர் அரநாதரின் இலாஞ்சனம் மீன் என்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். மீனுக்கு வலி தெரியாது என்று மேலைநாட்டார் நெடுங்காலம் சொல்லி வந்தனர். 2003ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் என்னும் ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் டிரவுட் என்னும் மீனின் முகத்தில் வலியை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். நம் பெரியோர் நுண்ணோக்கி இல்லாமலே மீனை ஐயறிவில் வைத்துப் போற்றினர்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைச் சொல்கிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். முதலாவதாகவே கட்டி வைத்தல் இருக்கிறது. ஆகவே, பொழுதுபோக்கிற்காகப் புதிதாக மீன் வாங்கலாமா என்று நம்மிடம் கேட்டால் வேண்டா என்றே சொல்வோம். ஆனால் வீட்டிற்கு ஏற்கெனவே வந்துவிட்ட மீனைப் பற்றிய கேள்வி வேறு. கடையில் பிறந்து கடைத் தொட்டியில் வளர்ந்த அந்த உயிருக்குத் திரும்பிச் செல்ல ஆறு கிடையாது. அதைப் பொறுப்பேற்றவர் நாம். இனி மீதமுள்ள நான்கு குறைகளும் நேராமல் காப்பது எப்படி என்பதே நம் முன் உள்ள பாடம்.

கப்பி என்னும் மீன்

வீட்டிற்கு வரும் மீன்களில் பெரும்பாலானவை கப்பி மீன்களே. விலை குறைவு, வண்ணம் மிகுதி, எளிதில் சாகாது என்று கடைக்காரர் சொல்வார். மூன்றாவதை மட்டும் நிபந்தனையோடு ஏற்க வேண்டும். புதியவர் செய்யும் பிழைகளைப் பிற மீன்களைவிடச் சற்று அதிகமாகப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவே.

இதன் தாயகம் தென் அமெரிக்காவின் வடபகுதியும் அதையொட்டிய டிரினிடாட் முதலிய தீவுகளும் ஆகும். 1859இல் ஜெர்மானிய அறிஞர் வில்லெல்ம் பீட்டர்ஸ் இதற்குப் பொசீலியா ரெட்டிகுலேட்டா என்று பெயரிட்டார். சில ஆண்டுகள் கழித்து டிரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெச்மியர் கப்பி என்பவர் அனுப்பிய மீன்களைக் கண்ட இலண்டன் அருங்காட்சியகத்து ஆல்பெர்ட் குந்தர், அது புதிய இனம் என்று கருதி 1866இல் கப்பியின் பெயரால் வேறொரு பெயர் சூட்டினார். அறிவியல் முறைப்படி முன்னவர் இட்ட பெயரே நிலைத்தது. பின்னவர் இட்டதோ மக்கள் வாயில் நிலைத்தது.

ஆண் மீன் ஓர் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும். உடல் ஒல்லி, வால் விசிறி, வண்ணம் பல. பெண் மீன் ஏறத்தாழ இரண்டு அங்குலம் வளரும். வயிறு பருத்து, நிறம் மங்கி இருக்கும். வண்ணத்தால் மட்டும் பிரித்தறிவது எப்போதும் சரிவராது. கடையில் பெண் மீன்களும் வண்ண வாலோடு கிடைக்கின்றன. அடிவயிற்றின் பின்புறத் துடுப்பைப் பார்க்க வேண்டும். விசிறிபோல் விரிந்திருந்தால் பெண்; குச்சிபோல் ஒடுங்கி நீண்டிருந்தால் ஆண். பெண்ணின் வயிற்றில் அத்துடுப்பிற்கு அருகே ஒரு கரும்புள்ளியும் தெரியும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் பெரியவர்களைவிட விரைவாகப் பிரித்துவிடுவார்கள்.

இப்பகுப்பு ஏன் இன்றியமையாதது எனில், கப்பி முட்டையிடுவதில்லை, குஞ்சு ஈனும். கருக்கொண்ட பெண் மீன் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை இருபது, முப்பது, சில வேளை அதற்கும் மேலான குஞ்சுகளை ஈனுகிறது. ஒரு முறை ஆணோடு சேர்ந்த பெண், அந்த விந்தைத் தன் உடலில் பல மாதங்கள் சேமித்து வைத்து, ஆண் இல்லாமலே மீண்டும் மீண்டும் குஞ்சு ஈனவல்லது. குஞ்சுகள் இரண்டு மூன்று மாதங்களில் தாமும் இனம் பெருக்கத் தொடங்கும். பெரிய மீன்கள் குஞ்சுகளைத் தின்னும், தாயே தின்னும். ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் பிறப்பும் இறப்பும் நெருக்கடியும் ஓயாமல் நடப்பதைக் காண நேரிடும். ஆதலால் சிராவக இல்லங்களுக்கு நாம் சொல்லும் முதல் விதி: ஆண் மீன்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பரிசாக வந்தவற்றில் பெண் இருந்தால் அதைக் கொடுத்த கடையிலேயே திருப்பிக் கொடுத்து ஆணாக மாற்றிக்கொள்ளலாம், பெரும்பாலோர் மறுப்பதில்லை. ஆண்கள் ஆறோ எட்டோ சேர்ந்திருந்தால் ஒன்றையொன்று துரத்தி விளையாடுமேயன்றிப் பெரிதும் காயப்படுத்துவதில்லை. இரண்டு மட்டும் இருந்தால் வலியது எளியதை ஓயாமல் விரட்டும். வண்ணமும் ஆண்களுக்கே மிகுதி என்பதால் பிள்ளைகளுக்கும் குறை தோன்றாது.

சாயம் ஏற்றிய மீன்களைப் பற்றி ஒரு சொல். உடல் கண்ணாடிபோல் இருக்கும் சிறு மீனுக்கு ஊசியால் வண்ண மையைச் செலுத்தி விற்கும் வழக்கம் உலகின் பல இடங்களில் இருந்து வந்திருக்கிறது. நீலமும் இளஞ்சிவப்பும் ஒளிரும் அந்தக் கோடு இயற்கையன்று. அவற்றை யார் பரிசாகத் தர முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். கப்பியின் வண்ணம் பிறவி வண்ணம்.

தொட்டியும் நீரும்

வட்டக் கண்ணாடிக் குடுவை மேசைக்கு அழகு, மீனுக்குச் சிறை. வாய் குறுகியதால் காற்றுப் படும் நீர்ப்பரப்பு குறைகிறது. நீர் சிறிதாகையால் ஒரே நாளில் கெடுகிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியே தொடக்கத்திற்கு ஏற்றது. இதன் கொள்ளளவைப் பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள். 60 செ.மீ., 30 செ.மீ., 30 செ.மீ. பெருக்கினால் 54,000 கன செ.மீ., அதாவது 54 லிட்டர். மேலே சிறிது இடம் விட்டு, அடியில் கூழாங்கல் பரப்பினால் சுமார் 45 லிட்டர் நீர் நிற்கும். நீரின் எடையே 45 கிலோ. கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் இன்னும் கூடும். நடுங்கும் மேசை உதவாது. சன்னல் வெயில் நேரே படும் இடமும் உதவாது; பாசி படர்ந்து நீர் பச்சையாகிவிடும். 45 லிட்டருக்கு எட்டு ஆண் கப்பிகள் போதும். கடைக்காரர் இருபது விடலாம் என்பார். அளவுக்கு மீறிய பாரம் என்று சூத்திரம் சொன்னது வண்டி மாட்டுக்கு மட்டும் உரியதன்று.

நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அது நமக்குக் காவல்; மீனின் செவுளுக்கு நஞ்சு. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் பெரும்பகுதி நீங்கும். கடைகளில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் கிடைக்கிறது. அவசரத்திற்கு அதுவே நல்லது.

இரணியல் பக்கத்து வெட்டுக்கல் நிலத்துக் கிணற்று நீர் பொதுவாக மென்னீர். சற்றே புளிப்புத் தன்மையும் உடையது. சமையலுக்கும் சலவைக்கும் மிக நன்று. கப்பியோ சற்றுக் கடினமான நீரை விரும்பும் மீன். வடிகட்டிப் பெட்டியிலோ கல்லின் நடுவிலோ ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புக் கல் துண்டுகளைத் துணிப்பையில் கட்டி வைத்தால் நீர் மெல்ல மெல்லத் திருந்தும். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து அன்பர்களுக்கு இத்தொல்லை இல்லை. அங்கே ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் போதுமான கடினம் கொண்டிருக்கும். அவர்கள் கவலைப்பட வேண்டியது கோடையைப் பற்றி. கப்பிக்கு 22 முதல் 28 பாகை வெப்பம் இதமானது. நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது. அக்னி நட்சத்திரத்தில் தொட்டியை வீட்டிலேயே குளிர்ந்த அறைக்கு மாற்றி, காற்றுக் குமிழி நிற்காமல் ஓடச் செய்ய வேண்டும். வெப்பமூட்டும் கருவி நம் நாட்டின் இப்பகுதிகளில் தேவையில்லை. விற்க வருபவரிடம் அன்போடு மறுத்துவிடலாம்.

இனி இப்பாடத்தின் உயிர்நிலையான பகுதிக்கு வருகிறோம். புதியவர் வீட்டில் மீன் முதல் மாதத்திலேயே இறப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் உண்டு. பார்ப்பதற்கு நீர் பளிங்குபோல் இருக்கும். மீன் மேற்பரப்பில் வாய் திறந்து திணறும். இரண்டு நாளில் முடிந்துவிடும். "நேற்றுத்தானே நீர் மாற்றினேன்!" என்பார்கள். நடந்தது இதுதான். மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் அழுகும் உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது சிறு அளவில் தீங்கற்றது, செடிகளுக்கு உரமும் ஆகும். இவ்விரு நுண்ணுயிர்களும் கூழாங்கல்லிலும் வடிகட்டியின் நுரைப்பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அதற்குமுன் எட்டு மீன்களை ஒரே நாளில் விட்டால் அவை தம் கழிவிலேயே நஞ்சுண்டு மடியும்.

ஆகவே தொட்டியை அமைத்து, நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை மட்டும் இட்டு, மீன் இல்லாமல் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பொறுமையற்ற பிள்ளைக்கு இது பெரிய தவம். நண்பர் வீட்டு நெடுநாள் தொட்டியிலிருந்து அழுக்கேறிய நுரைப்பஞ்சு ஒன்றைப் பெற்று வந்து நம் தொட்டியில் இட்டால் காலம் பாதியாகக் குறையும். மீன் முன்னரே வந்துவிட்டதா? அப்படியாயின் வேறு வழி: இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றுங்கள், உணவைப் பாதியாக்குங்கள், அம்மோனியாவைச் சோதிக்கும் சொட்டு மருந்தை வாங்கிப் பாருங்கள். முழு நீரையும் ஒரே தடவையில் கொட்டிவிட்டுத் தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கும் சுத்தக்காரர்களே மீனுக்கு முதல் எதிரிகள். நம் இல்லத்தரசிகளின் தூய்மை உணர்வை நாம் மதிக்கிறோம். அந்த உணர்வு அடுக்களையோடு நிற்கட்டும். நுரைப்பஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே இலேசாகப் பிழிந்து வைத்தால் போதும். குழாயடியில் கழுவினால் நுண்ணுயிர்கள் அழிந்து, தொட்டி மீண்டும் முதல் நாளுக்குத் திரும்பிவிடும்.

தொட்டி நிலைபெற்ற பின் வாரம் ஒரு முறை கால் பங்கு நீர் மாற்றினால் போதும். அகற்றிய நீரை வாழைக்கும் முருங்கைக்கும் ஊற்றுங்கள். உரம் கலந்த நீர் அது.

காற்று இயந்திரத்தைத் தொட்டியின் நீர்மட்டத்திற்கு மேலே ஒரு பலகையில் வைக்க வேண்டும். கீழே வைத்தால், மின்சாரம் நின்றவுடன் நீர் குழாய்வழியே இறங்கி இயந்திரத்தையும் தரையையும் நனைக்கும். மின் கம்பி அருகே இருந்தால் ஆபத்தும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைச் சாய்த்துப் போட்டபோது பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் தொட்டி நீரையே ஒரு குவளையால் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினால் காற்றுக் கலக்கும். ஒரு மணிக்கு ஒரு முறை பத்துக் குவளை. மீன் எண்ணிக்கை குறைவாக வைத்திருந்தவருக்கு அன்று வேலையும் குறைவு.

உணவு என்னும் சிக்கல்

இவ்விதழின் வாசகர்களுக்கு மிகவும் உறுத்தும் பகுதி இதுவே. கடைகளில் சிவந்த நூல்போன்ற டியூபிபெக்ஸ் புழுவை உயிரோடு விற்பார்கள். கொசுப் புழுவையும் தருவார்கள். இவற்றை நம் கையால் இடுதல் ஆகாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. கப்பிக்கு அவை இன்றியமையாதனவும் அல்ல. சிக்கல், புட்டியில் வரும் உலர் உணவில் இருக்கிறது. அட்டையில் பச்சைப் பாசியின் படம் இருக்கும். பின்புறம் சிறிய எழுத்தில் மீன் தூள், இறால் தூள் என்று இருக்கும். வாங்கும் முன் பின்புறத்தைப் படியுங்கள்.

கப்பி அனைத்துண்ணி. தாயகத்து ஓடைகளில் அது பாறையிற் படிந்த பாசியையும் மட்கிய பொருளையும் நிறையத் தின்கிறது; சிறு பூச்சிகளையும் தின்கிறது. ஆகவே தாவர உணவை முதன்மையாகக் கொண்டு அதை வளர்ப்பது அதன் இயல்புக்கு முரணன்று. சுருள்பாசித் தூள் இரண்டு பங்கு, சோயா மாவு இரண்டு பங்கு, கோதுமை மாவு ஒரு பங்கு சேர்த்து நீர் விட்டுப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, நன்றாக உலர்த்தி, கையால் நொறுக்கிச் சல்லடையில் சலித்து வைத்துக்கொள்ளலாம். சுருள்பாசியிலும் சோயாவிலும் புரதம் மிகுதி. இடையிடையே தோல் நீக்கி வேகவைத்த பச்சைப் பட்டாணியை நசுக்கி இடலாம். வெந்நீரில் வாட்டிய கீரைத் துணுக்கும் ஆகும். கிழங்கு வகை வேண்டா என்று எழுதத் தேவையில்லை. நம் அடுக்களையில் இல்லாதது மீனுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

ஆயினும் ஒன்றைக் கூறியாக வேண்டும். வளர்ந்த ஆண் மீனுக்கு இவ்வுணவு பொருந்தும். வளரும் குஞ்சுக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் புரதத் தேவை அதிகம். ஆண்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வுணவில் மீன் மெலிந்தாலோ, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றாலோ, முதலில் நீரைச் சோதியுங்கள். நீரில் குறையில்லை எனில் அதற்குரிய கடை உணவைக் கொடுத்துவிடுங்கள். விரதம் ஏற்றவர் நாம், மீன் ஏற்கவில்லை. அதைப் பட்டினி போட்டு நம் நோன்பைக் காப்பாற்றுவது ஐந்தாம் அதிசாரமாகும். நம் பெரியவர்களுள் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதை அறிவோம். அவர்கள் வீட்டில் மீன் இல்லாதிருப்பதே இருவருக்கும் நல்லது.

அளவு மிகச் சிறிது. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ இட்டால் போதும். மீனின் வயிறு அதன் கண்ணளவுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பாட்டி ஒரு முறை, பேரன் ஒரு முறை, விருந்துக்கு வந்தவர் ஒரு முறை என்று இட்டால் மீன் பசியால் சாகாது. உண்ணாத உணவு அழுகிச் சாகும். கப்பி பகலில் கண்ணால் இரை தேடும் மீன். இரவில் அடியில் தங்கி உறங்கும். கதிரவன் மறையும் முன் உணவளித்து முடிப்பது நம் வீட்டு ஒழுக்கத்தோடு தானாகவே பொருந்தி வருகிறது. வளர்ந்த மீனுக்கு வாரத்தில் ஒரு நாள் உணவு நிறுத்துவது நன்று என்றே மீன் வளர்ப்போர் கூறுகின்றனர். அந்த ஒரு நாளுக்கு அட்டமியும் சதுர்த்தசியும் பொருத்தமாக வந்து நிற்கின்றன. இது மட்டும் பட்டினிக் கணக்கில் சேராது.

குளத்தில் விடுதல் தயையா?

நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் குஞ்சுகள் பெருகிவிட்டன. வீட்டுத் தலைவர் நல்லவர். சிறைப்பட்ட உயிரை விடுவித்தல் ஜீவதயை என்று எண்ணி, ஒரு வாளியில் மொண்டு ஊர்க்குளத்திற்கு எடுத்துச் செல்லப் புறப்பட்டார். பையன் நம்மிடம் ஓடி வந்து செய்தி சொன்னதால் வாளி வாசலிலேயே நின்றது. அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறோம்.

விடப்பட்ட மீனின் கதி இரண்டில் ஒன்று. வண்ண வாலோடு மெல்ல நீந்தும் தொட்டி மீன், மீன்கொத்தியின் கண்ணுக்கும் விராலின் வாய்க்கும் எளிய இரை; சில நாளில் முடிந்துவிடும். தப்பிப் பிழைத்தாலோ, அது இன்னும் பெரிய தீங்கு. ஒரு பெண் மீன் போதும் குளம் முழுதும் பரவ என்பதை முன்னரே கண்டோம். அயல்நாட்டிலிருந்து வந்த இம்மீன் நம் குளத்துச் சிறு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். உணவுக்கும் இடத்திற்கும் போட்டியிடும். கேரளத்தார் மானத்துக்கண்ணி என்று அழைக்கும் மீன், தலையில் ஒளிரும் புள்ளியோடு நீர்ப்பரப்பில் மிதக்கும் நம் பகுதிக்குச் சொந்தமான சிறு மீன். கெண்டைகள், அயிரைகள் என்று எத்தனையோ சிற்றுயிர்கள் உண்டு. ஒரு வாளி உயிரை விடுவிக்கப் போய் ஒரு குளத்து உயிரை ஒடுக்குவது தயை ஆகாது. சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிர்ப் பரவல் ஆணையம் 2018இல் கப்பியையும் கம்பூசியாவையும் ஊறு விளைக்கும் அயல் இனங்களாகக் குறித்தது. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வெம்பனூர் நீர்நிலைகளும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றோடு கால்வாய்களால் பிணைந்த எந்தக் குளமும் தனிக்குளம் அன்று. சிதறால் மலைக்கு வழிபடச் செல்பவர்கள் அங்குள்ள சுனையில் எதையும் விடாதிருக்க வேண்டுகிறோம்.

தொட்டிச் செடிகளுக்கும் இதே விதி. ஆகாயத்தாமரை கால்வாயை அடைத்துக்கொள்வதைக் கண்ணாரக் காண்கிறோம். தொட்டியில் வேலம்பாசி வைத்துக்கொள்ளலாம். மிகுந்ததை வெயிலில் உலர்த்தி எருக்குழியில் இடுங்கள்.

மேற்சொன்ன வாளி மீன்கள் இறுதியில் வண்ணமீன் கடை ஒன்றுக்குச் சென்றன. கடைக்காரர் பணம் தரவில்லை, பெற்றுக்கொண்டார். அதுவே போதும்.

கொசு பற்றியும் பலர் கேட்கிறார்கள். கொசுப் புழுவைத் தின்பதற்காகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பி நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. டெங்கு பரவும் காலங்களில் கிணறுகளிலும் தொட்டிகளிலும் இம்மீன்களை விடும் வழக்கம் உண்டு. நாம் மீனை விட்டுப் புழுவைத் தின்னச் செய்ய வேண்டுமா? டெங்குக் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். நீர்த்தொட்டிக்கு மூடி, அண்டாவிற்கு இறுகக் கட்டிய துணி, வாரம் ஒரு முறை பாத்திரங்களைக் கழுவிக் காயவைத்தல், கொல்லையில் கிடக்கும் சிரட்டையையும் பழைய டயரையும் கவிழ்த்தல் ஆகியவற்றைச் செய்தால் கொசு முட்டையிட இடமே இராது. நீரை வடிகட்டிப் பருகும் குலத்தில் பிறந்தவர்களுக்கு மூடி வைத்தல் புதிய பாடமன்று. மீன் தொட்டிக்கும் மூடி வேண்டும். கொசுவும் நுழையாது, துள்ளும் மீனும் தரையில் விழாது.

பிள்ளைகளுக்குச் சில பணிகள்

தொட்டி வைத்திருக்கும் வீட்டில் அதற்கென ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு இருக்கட்டும். ஆண் கப்பிகள் எட்டும் எட்டு விதமாகப் புள்ளி கொண்டவை. ஒவ்வொன்றையும் வரைந்து பெயரிடச் சொல்லுங்கள். பெயரிட்டால் எண்ணிக்கை குறைந்தது உடனே தெரியும். டென்மார்க்கின் யோகன்னஸ் ஷ்மிட் 1920இல் இம்மீனின் புள்ளி தந்தையிடமிருந்து மகனுக்கே செல்வதைக் கண்டறிந்தார். 1970களில் ஜான் எண்ட்லர் என்பவர் டிரினிடாடில், பகை மீன் மிகுந்த ஓடையிலிருந்து கப்பிகளை எடுத்து அப்பகை இல்லாத ஓடையில் விட்டார். இரண்டே ஆண்டுகளில் அவற்றின் ஆண் சந்ததி முன்னினும் வண்ணம் மிகுந்து விளங்கியது. அஞ்சி ஒளிய வேண்டிய இடத்தில் மங்கிய நிறம். அச்சம் நீங்கிய இடத்தில் ஒளிரும் நிறம். மேல்வகுப்பு மாணவர்கள் இதன் காரணத்தை எழுதிப் பார்க்கலாம்.

சிறு பிள்ளைகள், செவுள் மூடி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை திறக்கிறது என்று காலையிலும் உச்சி வேளையிலும் எண்ணிக் குறிக்கட்டும். வெப்பம் ஏறும்போது எண்ணும் ஏறுவதைக் காண்பார்கள். "மீன் தூங்குமா, பாட்டி?" என்று கேட்கும் குழந்தைக்கு விடை சொல்லிவிடாதீர்கள். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து மெல்லிய வெளிச்சத்தில் காட்டுங்கள். இமை இல்லாததால் கண் மூடாது. ஆனால் அடியில் அசையாமல் நிற்கும், வண்ணமும் சற்று வெளுத்திருக்கும். கண்ணாடியைத் தட்டக் கூடாது என்பதை அப்போதே சொல்லிக் கொடுத்துவிடலாம். நீரில் ஒலியும் அதிர்வும் விரைந்து பரவும். நம் விரல் தட்டு அதற்கு இடி.

கப்பியின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. ஒரு நாள் ஒன்று இறந்து கிடக்கும். பிள்ளை காணும் முன் புதிய மீன் வாங்கி விட்டு மறைத்துவிடும் பெற்றோர் உண்டு. அது வேண்டா. குறிப்பேட்டில் அந்தப் படத்தின் கீழ்த் தேதி எழுதி, செடியின் அடியில் புதைக்கட்டும். எட்டு ஏழாகும், ஏழு ஆறாகும். மீண்டும் வாங்காமல் அப்படியே தொட்டியை முடித்துக்கொள்ளும் குடும்பங்களையே நாம் பெரிதும் விரும்புகிறோம். கடைசியாக ஒன்றிரண்டு மிஞ்சினால் வேறொரு தொட்டி வைத்திருப்பவரிடம் சேர்த்துவிடலாம், தனியே விடவேண்டா.

மேல்சித்தாமூர்த் தேருக்குக் குடும்பத்தோடு செல்வோர், மீனை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நலமுள்ள வளர்ந்த கப்பிகள் நான்கைந்து நாள் உணவின்றி இருக்கும். பாசி படிந்த தொட்டியாயின் அதையே மேயும். புறப்படும் நாளில் கூடுதலாகக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள்; நீர்தான் கெடும். இரண்டு நாள் முன்னதாகக் கால் பங்கு நீரை மாற்றி, விளக்கை அணைத்து, காற்று இயந்திரத்தை ஓடவிட்டுச் செல்லுங்கள். ஒரு வாரத்திற்கு மேலாகும் எனில் அடுத்த வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலம் என்று சிட்டிகை அளவில் மடித்துத் தேதி எழுதிக் கொடுங்கள். உணவுப் புட்டியை மட்டும் பூட்டி வைத்துவிட்டுச் செல்லுங்கள். அன்பு மிகுந்த அண்டை வீட்டாரிடம் முழுப் புட்டி இருப்பது மீனுக்கு நல்லதன்று.